கல்முனையிலிருந்து ஜித்தா வரை

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களிலிருந்து புனித ஹஜ் கடமைக்குப் புறப்படும் முதியோர் முதலில் வினவுவன இரண்டு: ஜித்தா எவ்வளவு தூரம்? போய்ச் சேர எத்தனை மணி நேரம் செல்லும்? வினாக்கள் எளியன, விடையோ கடிகாரத்தை மட்டுமன்றி வணக்கத்தையும் தொட்டு நிற்பது.

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து ஜித்தா விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 4,650 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. இடைநிறுத்தமின்றிச் செல்லும் ஜெற் விமானம் இத்தூரத்தைக் கடக்க ஆறரை மணி நேரமளவு கொள்ளும். உயரத்தில் மணிக்கு 850 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் பறக்கும் விமானம், ஏறுதற்கும் இறங்குதற்கும் ஓடுபாதையில் ஊர்தற்கும் பிடிக்கும் நேரத்தையுஞ் சேர்த்தால், சராசரியில் 715 கிலோமீற்றர் வேகமே காட்டும். குளிர்காலத்தில் அரபு நாட்டின் மேல்வளியிலே மேற்கிலிருந்து கிழக்காகக் கடுங்காற்று வீசுவதால், திரும்பும் பயணம் முக்கால் மணி நேரமளவு குறையக்கூடும்.

எனினும் பயணம் கட்டுநாயக்கவில் தொடங்குவதன்று. கல்முனைக்கும் கட்டுநாயக்கவுக்கும் வானவழித் தூரம் 215 கிலோமீற்றரே. மலையைச் சுற்றியும் காட்டைக் கடந்தும் செல்லும் தரைவழியோ 300 கிலோமீற்றரைத் தாண்டும். கடல் கடந்து 4,650 கிலோமீற்றர் செல்ல ஆகும் நேரத்தினும் கூடுதலான நேரத்தைப் பஸ் வண்டி இத்தீவுக்குள்ளேயே எடுத்துக்கொள்வதுண்டு. முதியோர் களைப்பைக் கணக்கிடுவோர் இதனை மறத்தலாகாது.

இனிக் கடிகாரம். சவூதி அரேபிய நேரம் இலங்கை நேரத்திற்கு இரண்டரை மணி பிந்தியது. காலை 8 மணிக்குப் புறப்படும் விமானம், ஆறரை மணி நேரம் பறந்து, ஜித்தா நேரம் நண்பகல் 12 மணிக்கு இறங்கும். நான்கு மணி நேரமே சென்றதெனத் தோன்றும். திரும்புகையில் நண்பகல் 12 மணிக்கு ஏறியவர், 5 மணி 45 நிமிடமே பறந்தும், இலங்கை நேரம் இரவு 8.15க்கு வந்திறங்குவார். கடிகாரத்தைக் கழித்துப் பயணநேரம் காண்பது பிழை என்பதற்கு இதுவே சான்று.

தொழுகையையும் நோன்பையும் நடத்துவது சூரியன். மேற்கு நோக்கிப் பறப்போர்க்குப் பகல் நீளும். ரமழானில் உம்றாவுக்குச் செல்பவர், ஊரிலே மஃரிப் அதான் ஒலித்த பின்னரும், சன்னலில் சூரியனைக் காணலாம். ஊர்க் கடிகாரம் அவருக்கு நோன்பு திறக்கும் நேரத்தைக் காட்டாது. கிழக்கு நோக்கி மீள்பவர்க்கோ பகல் குறுகும்.

யாவற்றினும் முக்கியமானது மீக்காத் எல்லை. கப்பற்பயணிகட்கு அது மெல்ல நெருங்கிற்று. விமானமோ, ஜித்தாவில் இறங்குமுன், நிமிடத்துக்குப் பத்துக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் அதனைக் கடந்துவிடும். சற்றே கண்ணயர்ந்தால் எல்லை பின்னால் நிற்கும். ஆதலின், ஏறுமுன்னரே இஹ்ராம் உடை அணிந்து, பணியாளர் அறிவித்ததும் நிய்யத்து வைத்தல் நலம்.

தூரத்தை விமானம் சுருக்கியது உண்மையே. ஆயத்தத்துக்குரிய அவகாசத்தையும் அது உடன் சுருக்கிவிட்டது. வாரக்கணக்கிற் கடலிற் கிடந்த முன்னோர்க்குப் போதிய காலமிருந்தது. இன்றைய ஹாஜி தம் ஆயத்தத்தைக் கல்முனையிலேயே முடித்துக்கொண்டு புறப்படுதல் வேண்டும்.