கத்தி வேண்டாம்

ஃப்ரீசரில் ஐஸ் தட்டு ஒட்டிக்கொண்டதா? தயவுசெய்து கத்தியை எடுக்காதீர்கள். ஃப்ரீசரின் சுவருக்குள்தான் குளிரூட்டும் வாயு ஓடும் மெல்லிய குழாய் இருக்கிறது. கத்தி முனை பட்டால் ஓட்டை விழும். வாயு போய்விடும். பிறகு பெரிய செலவு.

கத்தி வேண்டாம். ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து வையுங்கள். உள்ளே ஒரு கிண்ணம் வெந்நீர் வைத்தால் பனி சீக்கிரம் உருகும்.

சுவரில் படியும் பனி, கம்பளி மாதிரி. குளிரைத் தட்டிலுள்ள தண்ணீருக்கு வரவிடாது. பனி தடித்தால் ஐஸ் உறையவும் நேரமாகும்.

புதிதாக வாங்கப்போகிறீர்களா? ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகை பனியைத் தானே உருக்கிக்கொள்ளும். சாதாரண ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் அந்த வேலை நம்முடையது. ஆனால் விலை குறைவு. இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு அதுவே போதும் என்பேன், பனியை உருக்கும் டீஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்த மறக்காதவர்கள் என்றால்.