நாணயத்தை இரவல் கொடுக்கலாமா?

(எமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நாம் சிறுவராயிருந்தபோது அரிசியோ சீனியோ வாங்கக் கடைக்குப் போனால் கையிலே காசு இராது. ஒரு கொப்பிதான் இருக்கும். “அப்பாவின் கணக்கிலே எழுதட்டாம்” என்போம். கடைக்காரர் மறுபேச்சின்றிச் சாமானைத் தருவார். வாங்கியவர் நாம், கடன்பட்டவர் தந்தையார். மாத முடிவில் அவர் கணக்குத் தீர்த்தால் அவர் பெயர் நிலைக்கும். தீர்க்காவிட்டால், அடுத்த நாள் வெறுங்கையோடு திரும்புபவர் நாமே. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அந்தக் கொப்பியின் புதிய வடிவத்தைப் பற்றியாகும்.

வங்கியிலே கடனட்டை வைத்திருப்பவர் தம் மனைவிக்கோ மகனுக்கோ மருமகனுக்கோ அதே கணக்கில் இன்னோர் அட்டை எடுத்துக் கொடுக்கலாம். இதனை மேலதிக அட்டை எனலாம். பிறநாடுகளில் வாழும் நம் உறவினர், அங்கே படிக்கவும் உழைக்கவும் போகும் நம் பிள்ளைகளுக்கு அன்போடு இவ்வாறு செய்வதுண்டு. “இதனால் உனக்கும் வங்கியில் நல்ல பெயர் உண்டாகும்” என்றும் சொல்வர். அப்படி உண்டாகுமா? ஒருவர் தேடிய நாணயம் மற்றவருக்கு இரவலாகப் போகுமா? இதுவே கேள்வி.

அமெரிக்காவை முதலில் நோக்குவோம். அங்கே முற்காலத்தில் குடும்பக் கணக்குகள் பெரும்பாலும் கணவன் பெயரிலேயே இருந்தன. ஆண்டாண்டாக ஒழுங்காகச் செலவு செய்து வந்த மனைவி, கணவனை இழந்த பின் கடன் கேட்டுப் போனால், அவள் பெயரில் ஒரு வரியும் எழுதப்பட்டிராது. இந்த அநீதிகளைப் போக்க 1974 இல் சமவாய்ப்புக் கடன் சட்டம் பிறந்தது. அதன் கீழான விதிப்படி, 1977 முதல், கணவனும் மனைவியும் பாவிக்கும் கணக்கை இருவர் பெயரிலும் பதிவேட்டுக்கு அறிவிக்க வேண்டும் என்றாயிற்று. அட்டையைப் பாவிக்க மட்டும் அனுமதி பெற்றவரின் பெயரும் பதிவேட்டில் ஏறுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

அந்நாட்டில் கடன் பெறுபவருக்குப் புள்ளி இடுகிறார்கள். பெரிதும் வழங்கும் ஃபைகோ புள்ளியில், தவணை தவறாது கட்டியமைக்கு ஏறத்தாழ 35 வீதமும், நிற்கும் கடனின் அளவுக்கு ஏறத்தாழ 30 வீதமும் இடம் உண்டு. ஆகவே, மாமனார் பல்லாண்டு ஒழுங்காகக் கட்டி வந்த கணக்கில் மருமகன் சேர்ந்தால், அந்த ஒழுங்கின் நிழல் அவர்மீதும் விழும். மாமனார் தவணை தவறினாலும், அட்டையின் எல்லைவரை செலவழித்து வைத்திருந்தாலும், அந்த நிழலும் அவர்மீதே விழலாம். மறுபுறத்தில், மருமகன் கண்டபடி செலவழித்தால் கட்டவேண்டியவர் மாமனார். குறைவதும் அவர் புள்ளியே.

நல்ல நோக்கத்தோடு வந்த வழியில் வியாபாரமும் புகுந்தது. முன்பின் அறியாதவர்களைக் காசுக்குத் தம் கணக்கில் சேர்த்துப் பெயரை விற்கத் தலைப்பட்டனர் சிலர். இதனால் 2007 இல் ஃபைகோ புள்ளியை வகுத்த நிறுவனம், இவ்வாறு சேர்ந்தவர்களின் கணக்கை இனிக் கணியோம் என அறிவித்தது. உண்மையான குடும்பத்தினர் பாதிக்கப்படுவர் என்ற முறைப்பாடு எழவே, 2008 இல் அம்முடிவை மாற்றி, மோசடியை மட்டும் தடுக்க முயல்வோம் என்றது. இங்கிலாந்திலோ நிலைமை வேறு. அங்கே கணக்கு முதல் உரியவரின் பதிவிலேயே நிற்கும். மேலதிக அட்டை பெற்றவருக்கு அதனால் பெயர் உண்டாவதில்லை. கனடாவில் இது வங்கிக்கு வங்கி வேறுபடும். ஆகவே, அன்பாக ஒருவர் அட்டை தருகிறார் என்றால், “இது என் பெயரில் பதிவாகுமா?” என்று அந்த வங்கியையே கேட்டறிதல் வேண்டும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தினால் கொடுகடன் தகவல் பணியகம் தாபிக்கப்பட்டது. ‘கிறிப்’ என்று பலரும் அஞ்சிச் சொல்வது இதனையே. அது கறுப்புப் பட்டியல் அன்று. கட்டியதையும் கட்டாததையும் ஒருங்கே காட்டும் ஏடு. கடன் கொடுப்பதா இல்லையா என்று தீர்மானிப்பது வங்கியே. இங்கு மேலதிக அட்டையின் செலவு முதல் உரியவரின் கணக்கிலேயே சேரும். ஆனால் அந்த ஏட்டில் நாம் பட்ட கடன் மட்டுமன்றி, பிறருக்காக நாம் நின்ற பிணையும் எழுதப்படுகிறது. நம் மன்னாரிலே அட்டையைப் பகிர்வோர் சிலர். பிணைக்கு ஒப்பமிடுவோரோ வீட்டுக்கு ஒருவர். ஆதலால் நமக்கு நெருங்கிய ஆபத்து அதுவே.

எங்கள் வீட்டிலே நடந்ததைச் சொல்கிறோம். எங்கள் தமையனார் ஆசிரியர். மச்சான் ஒருவர் வள்ளத்துக்கு இயந்திரம் வாங்கக் கடன் கேட்டபோது, அரசாங்க உத்தியோகத்தர் ஒருவரின் பிணை வேண்டுமென்றது வங்கி. இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பத்திரத்தை நீட்டினார் மச்சான். தமையனார் வாசிக்கவில்லை, வாசித்தால் சந்தேகப்படுவதாக நினைப்பாரே என்ற கூச்சம். 2022 இல் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு வந்தது, வள்ளம் கரையிலே கிடந்தது, தவணைகள் நின்றன. மச்சான் வெட்கத்தால் சொல்லவில்லை. பின்னர் தமையனார் வீடு கட்டக் கடன் கேட்டுப் போனபோதுதான், அவர் பெயரின் கீழே அந்த நிலுவை இருப்பதை உத்தியோகத்தர் காட்டினார். வீட்டு வேலை அத்திவாரத்தோடு நின்றது. பணத்தை இருவருமாகக் கட்டி முடித்தார்கள். ஆனால் தைப்பொங்கலுக்குத் தவறாது வரும் மச்சான் இரண்டு வருடமாக எங்கள் படலையைத் திறக்கவில்லை. அந்த நட்டத்தை எந்த ஏட்டில் எழுதுவது?

ஆகவே உறவினருக்கு உதவக்கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. பிணை நிற்க ஆளில்லாவிட்டால் எத்தனையோ தொழில்கள் தொடங்கவே மாட்டா. நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, ஒப்பமிடுமுன் பத்திரத்தை அவர் முன்னிலையிலேயே வாசிப்போம். அது அவமதிப்பு அன்று என்பதைப் பெரியோர்களே எங்களுக்குச் சொல்லித் தாருங்கள். இரண்டாவது, கடன்பட்டவர் தவணை தவறும் நிலை வந்தால் முதலில் பிணை நின்றவருக்குச் சொல்லட்டும். காலத்தோடு சொன்னால் வங்கியோடு பேசித் தவணையை மாற்ற வழியுண்டு. மூன்றாவது, நம் பெயரில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை நாமே விண்ணப்பித்து அறியலாம்; பிழையிருந்தால் திருத்தக் கேட்கலாம். வேலையில் சேரும் ஒவ்வொரு வாலிபரும் இதனைச் செய்வாராக.

காசுக்கும் நேர்மைக்கும் நம் மொழியில் நாணயம் என்ற ஒரே சொல் வழங்குகிறது. காசை இரவல் கொடுத்தால் திரும்பி வரலாம். பெயரை இரவல் கொடுத்தால், கொடுத்தவரும் பெற்றவரும் சேர்ந்தே காக்க வேண்டும். அப்படிக் காப்போமாயின் கடனும் தீரும், உறவும் நிலைக்கும். எங்கள் படலையும் மறுபடி திறக்கும் என்று நம்புகிறோம்.