பாய் கட்டப் பழகுதல்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில், பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



வைத்தியர் பேச எழுந்தால் சீனி வியாதி, இரத்த அழுத்தம் என்றுதான் தொடங்குவார் என்று பயந்திருப்பீர்கள். அந்தப் பயம் வேண்டாம். பாடசாலையை விட்டுப் போன பிறகு புதிதாகப் படித்த ஒன்றைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். நாற்பது வயதைத் தாண்டிய பின், பொல்கொட வாவியில் பாய்மரப் படகுக்குப் பாய் கட்டப் பழகினேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

தோட்டத்துப் பிள்ளைக்குப் படகு எதற்கு என்று சிலர் கேட்டார்கள். நம் முன்னோரில் பலர் இந்த நாட்டுக்கு வந்ததே பாயின் கீழ்தான். 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்குமுன், தொண்டி, பாம்பன் போன்ற துறைகளில் தோணி ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மலைநாட்டுக்கு நடந்தார்கள். 1964 ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, அதே தலைமன்னாரில் கப்பலேறிப் போன அக்காமார் இன்று நீலகிரியிலிருந்து வந்து இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். நமக்குக் கப்பல் என்றால் யாரோ நம்மை ஏற்றுவது, யாரோ இறக்குவது. கயிறு நம் கையில் இருந்ததில்லை.

ஆனால் கயிறு பிடித்த தமிழர் உண்டு. வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி அம்மாள்’ என்ற பாய்க்கப்பலை ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதை அத்திலாந்திக் கடல் கடந்து ஓட்டிப்போய், 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். பாயை ஏற்றும் கயிற்றுக்கு ஆஞ்சான், பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றுக்குத் தாமான் என்று நம் மொழியில் பெயர் இருப்பதைப் படகு பழகிய பிறகே தெரிந்துகொண்டேன்.

எனக்குப் பழக்கியவர் என்னைவிட வயதில் மிக இளைய சிங்களத் தங்கை. முதல் நாள், “டொக்டர், இன்றைக்குத் தண்ணீரில் இறங்கப் போவதில்லை” என்றார். அன்று முழுவதும் கரையிலேயே வேலை.

முதலில், படகின் மூக்கைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி வைக்க வேண்டும். அப்படி நின்றால் ஏற்றிய பாய் கொடிபோலப் படபடக்கும், படகை இழுக்காது. காற்றுக்குப் பக்கவாட்டில் நிறுத்தி ஏற்றினால், பாய் நிரம்பி, நாம் ஏறுமுன்பே படகு சாய்ந்துவிடும். அடுத்தது, பாய்மரத்தைத் தாங்கும் கம்பி வடங்கள். முன்னால் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று. அவற்றின் ஊசிகள் பூட்டியிருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்தால் போதாது, விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். படகின் அடியிலுள்ள தண்ணீர்த் துளைக்கு அடைப்பான் போட்டாயிற்றா என்றும் பார்க்க வேண்டும்.

பிறகு பாய். அதற்கு மூன்று மூலைகள். தலைமூலையில் ஆஞ்சானைப் பூட்டியதும் இழுத்துவிடக் கூடாது. அண்ணாந்து பார்த்து, கயிறு எந்த வடத்தையும் சுற்றவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். தாமானின் நுனியில் எட்டுப் போன்ற முடிச்சு ஒன்று போட வேண்டும். இல்லாவிட்டால், கை நழுவும்போது கயிறு கப்பியைவிட்டே ஓடிவிடும். முன்பாயை ஏற்றிய பின் பெரிய பாயை ஏற்றினோம். அப்போது தாமான் தளர்ந்திருக்க வேண்டும், நம் தலை தாழ்ந்திருக்க வேண்டும். பாயின் அடியிலுள்ள கட்டை எந்தப் பக்கமும் வீசும்.

இது எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2008 இல் சத்திரசிகிச்சைக்கென்று சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்குமுன், நோயாளி அறையைவிட்டுப் போகுமுன் என மூன்று கட்டங்களில் 19 கேள்விகள். அனுபவசாலியும் வாய்விட்டுக் கேட்டே ஆக வேண்டும். காற்றும் நோயும் நம் அனுபவத்தைப் பார்த்து ஒதுங்கிப் போவதில்லை.

முடிச்சும் எனக்குப் புதிதல்ல. கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி, சரிவில் பாரம் ஆடாமல் நின்ற அம்மாமாரின் பிள்ளைகள் நாம். லயத்துக் கூரை மரத்தில் சேலைத் தொட்டில் கட்டி, தன் பாரத்தைக் கொடுத்து இழுத்துப் பார்த்த பிறகே பிள்ளையைப் போட்டார்கள். பாய் கட்டுவதில் பாதியை அவர்கள் அறிந்திருந்தார்கள். தண்ணீருக்குப் பக்கத்தில் அவர்களை யாரும் அழைத்துப் போகவில்லை, அவ்வளவுதான்.

இங்கேதான் எனக்கு ஒரு வேண்டுகோள். பாய்க்கு முன் நான் நீச்சல் படித்தேன். அதற்கு எட்டு மாதம் ஆனது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்? களுகங்கை 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் பெருகி இரத்தினபுரியை மூழ்கடித்ததை நாம் மறக்கவில்லை. மழைநாளில் ஓடை கடந்துதான் தோட்டத்துப் பிள்ளைகள் பாடசாலைக்கு வருகிறார்கள். ‘பெண்பிள்ளை, தண்ணீருக்குப் போகாதே’ என்று தடுத்து வளர்க்கிறோம். ஆனால் தண்ணீர் வீட்டுக்கே வந்துவிடுகிறது. நீரில் விழுந்தவரை எங்கள் வாசலுக்குக் கொண்டுவரும்போது பெரும்பாலும் நேரம் கடந்துவிடுகிறது. அந்தத் தாய்க்குச் சொல்ல என் படிப்பில் வார்த்தை இல்லை.

நூற்றாண்டு நினைவாக வளைவும் கல்வெட்டும் வைக்கலாம். அவற்றோடு, ஆறாம் வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் மிதக்கவும் நீந்தவும் பழக்குவதற்கு ஒரு நிதி வையுங்கள். குளம் வாடகைக்கு, வாகனத்துக்கு, பெண் பயிற்றுநருக்கு. வெளிநாட்டிலிருக்கும் சகோதரிகள் ஆளுக்கு ஒரு பிள்ளையைப் பொறுப்பெடுத்தால் போதும். என் பங்கு ஐந்து பிள்ளைகள். பழகும் பிள்ளைகளின் மருத்துவப் பரிசோதனையும் என் பொறுப்பு.

படகு பிறகு வரட்டும். விரும்பும் பிள்ளைக்கு ஆஞ்சானையும் தாமானையும் காட்டிக் கொடுக்க நான் இருக்கிறேன்.