நெஞ்சமே ஏடு

தில்லையிலே காப்பிடப்பட்டிருந்த தேவார ஏடுகளுள் பெரும்பகுதியைச் செல் அரித்த வரலாற்றை நாம் அறிவோம். எஞ்சிய பதிகங்களுக்குப் பண் யாது என்று தெரியாதிருந்த காலத்தில், திருஎருக்கத்தம்புலியூரிலே திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த அம்மையார் ஒருவரே பண்முறை வகுத்தருளினார் என்று திருமுறைகண்ட புராணம் கூறும். செல்லரியாத ஏடு ஒன்று உண்டு; அது அடியார்தம் நெஞ்சம்.

அந்த ஏட்டில் எழுதுவது எங்ஙனம்? யாம் இளமையில் பாடங்கேட்ட முறையைக் கூறுகின்றோம். ஆசிரியர் முதலிற் பொருளை விளக்குவார். பின்னர் ஓரடியைப் பண்ணோடு பாடுவார். மாணாக்கர் கையால் தாளமிட்டுத் திருப்பிப் பாடுவோம். ஈரடி அமைந்த பின்னரே அடுத்த ஈரடி. முதலடியின் எதுகை நினைவில் நின்றால் மற்றை அடிகளின் தொடக்கம் தானே வந்து வாய்க்கும். இரவிலே ஓதியதை விடியலில் ஏடு பாராது ஒப்பித்தல் வேண்டும்.

ஆளுடைய பிள்ளையார் பதிகங்களிற் பெரும்பாலும் எட்டாம் பாட்டில் இராவணனும், ஒன்பதில் மாலும் அயனும், பத்தில் சமணரும் சாக்கியரும், பதினொன்றில் திருக்கடைக்காப்பும் வரும். இவை நினைவுக்கு நட்ட தூண்கள்.

ஒருமுறை திருவிழாவில், நட்டபாடைப் பண்ணில் அமைந்த அவரது முதற் பதிகத்தைப் பாடுகையில், ஆறாம் பாட்டின் முதற்சொல் எமக்கு மறந்துபோயிற்று. நா உலர்ந்தது. எட்டாவது இராவணனுக்கு உரியது என்னும் நினைவைப் பற்றிக் கரையேறினோம். ஆயினும் இரண்டு பாடல்கள் விடுபட்டன.

ஆசிரியர் கடிந்தாரல்லர். "ஆறாம் பாட்டை மட்டும் சொல், தம்பி" என்றார். யாம் முதற்பாட்டிலிருந்தே தொடங்கினோம். "நீ கற்றது வரிசையை; பாட்டை அன்று" என்றார் அவர். அன்று முதல் கடைக்காப்பை முதலில் ஓதுவித்தார். அடுத்துப் பத்தையும் பதினொன்றையும். பிறகு ஒன்பது முதல் இறுதி வரை. இவ்வாறு பயின்றால், பாடப்பாட நன்கு பழகிய இடத்தை நோக்கியே செல்வோம், அச்சம் நீங்கும்.

அப்பெருமகனார் முதுமையில் கண்ணொளி இழந்தார். அருகிலிருந்தோர் முகமும் அவருக்குத் தெரியவில்லை. ஆயினும் அந்திதோறும் ஒரு பதிகமேனும் குறைவின்றி ஓதினார். ஏடு கைவிடும் நாள் நம் அனைவருக்கும் வரும், அன்பர்களே! நெஞ்சில் எழுதியது அன்றும் துணைநிற்கும். இன்றிரவே உங்கள் இல்லத்துக் குழந்தைகளுடன் அமர்ந்து, ஒரு பதிகத்தின் திருக்கடைக்காப்பிலிருந்து தொடங்குங்கள்.

திருச்சிற்றம்பலம்.