வாசம் ஒத்துக்காதவங்களுக்கும் ஒரு சீட் கவர்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் தையல் குழு உறுப்பினர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் தையல் குழு ஒன்றுக்குப் புதுமாதிரி ஒரு ஆர்டர் வந்திருக்கிறது. டவுனில் ஒரு டீச்சரம்மா கார் வாங்கி, ரெக்ஸின் சீட் கவர் போட்டிருக்கிறார்கள். உள்ளே உட்கார்ந்தால் தலைவலி, கண் எரிச்சல், மூச்சு இறுக்கம். வாசமே இல்லாத துணிக் கவர் வேண்டும் என்று கடையில் கேட்டதற்குச் சிரித்து அனுப்பிவிட்டார்களாம். நம்ம உறுப்பினர்களும், "இது பணக்கார வீட்டு நோவு மேடம்"னு சொன்னாங்க. அப்படியா? வாடகை வேனில் ஏறியதும் முந்தானையால் மூக்கைப் பொத்துகிறவர்கள் இங்கேயே எத்தனை பேர்? வண்டி ஆடுவதால் வரும் வாந்தி வேறு. வண்டி நிற்கும்போதே தலை வலித்தால் அது வாசத்தோட வேலையா இருக்கலாம்.

ரெக்ஸின் என்பது துணிமேல் பி.வி.சி. பிளாஸ்டிக் பூசியது. தண்ணீர்க் குழாய் செய்கிற அதே பிளாஸ்டிக்தான். விறைப்பான அதை வளைய வைக்க, தாலேட் போன்ற எண்ணெய்ப் பொருள்களைச் சேர்க்கிறார்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் அது சூடேறி, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் கலக்கிறது. கார்க் கண்ணாடியின் உள்பக்கம் பிசுபிசுப்பாக மங்குகிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம். பசையும் ஃபோமும் தனியாக வாசம் விடும். ஜப்பானில் கார் கம்பெனிகளின் சங்கமே 2007 முதல் வரும் புது மாடல்களுக்கு, காருக்குள் உள்ள காற்றில் 13 ரசாயனங்களுக்கு அளவு வைத்தது. சும்மாவா வைப்பாங்க?

சிலருக்கு எல்லா ரசாயன வாசமும் ஒத்துக்கொள்ளாமல் போவதைத் தனி நோய் என்று சொல்லலாமா என்பதில் மருத்துவர்களிடையே ஒரே கருத்து இல்லை. ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கடும் வாசம் இளைப்பைக் கிளப்பும் என்பதில் சந்தேகம் இல்லை. அதனால் நம் கவர் போட்டால் நோய் தீரும் என்று யாரிடமும் சொல்லக் கூடாது. ரெக்ஸின் மேலேயே துணியைப் போர்த்தினாலும் பயனில்லை, வாசம் துணி வழியாக வந்துவிடும். முதலில் ரெக்ஸினைக் கழற்றி, பல நாள் கதவைத் திறந்து போட்டுக் காற்றாட விடச் சொல்லுங்கள்.

சரி, எந்தத் துணி? பருத்தி என்றாலே நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். சுருங்காத துணி, இஸ்திரி வேண்டாத துணி என்று விற்பதில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு கலந்த பூச்சு இருக்கும். தண்ணீர் ஒட்டாத, கறை படியாத துணியிலும் ஏதாவது ஒரு ரசாயனப் பூச்சு உண்டு. இந்த வேலைக்கு அவை எதுவும் வேண்டாம்.

நமக்குக் கிடைப்பதில் நல்லது காடா துணிதான். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறியில் ஓடுகிறதே, வெளுக்காத, சாயம் போடாத துணி. கெட்டி ரகமாகப் பார்த்து எடுங்கள். அதில் பாவுக்குப் போட்ட கஞ்சி இருக்கும். வெந்நீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, வாசமில்லாத சோப்பில் மூன்று தடவையாவது அலசி, வெயிலில் காயப் போடுங்கள். காடா நன்றாகச் சுருங்கும். அதனால் துவைத்த பிறகுதான் வெட்டணும், இதை மறந்தா கவர் சீட்டுக்கே ஏறாது. நிறம் வேண்டும் என்பவர்களுக்குத் திருப்பூர் கம்பெனிகளின் மிச்சத் துணி எடுக்கலாம். 'ஓகோ-டெக்ஸ் 100' சான்று இருந்தால், உடம்பில் படும் துணியில் ஃபார்மால்டிஹைடு கிலோவுக்கு 75 மில்லிகிராமுக்குள் இருக்கும். வாய்ச்சொல்லை நம்பாமல் சான்று நகலைக் கேட்டு வாங்குங்கள்.

வெட்டுவதற்கு முன்னால், துவைத்த துணியில் ஒரு சாண் துண்டை வாடிக்கையாளருக்குக் கொடுத்து, இரண்டு மூன்று ராத்திரி தலைமாட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒத்துக்கொண்டால் முன்பணம் வாங்கி வேலையைத் தொடங்கலாம். இல்லையென்றால் ஒரு சாண் துணியோடு போச்சு. ஒத்துக்காததைத் தைத்துக் கொடுத்து, காசைத் திருப்பித் தர முடியாமல் குழுவுக்குள் சண்டை வரும் கதை நமக்கு வேண்டாம்.

ஃபோம் வைத்துப் பசை போட்டு ஒட்டாதீர்கள். பருத்தி நாடா கட்டித் தைத்தால் போதும், கழற்றித் துவைக்கவும் வசதி. ஒன்று முக்கியம். சில கார்களில் முன் சீட்டின் பக்கவாட்டில் 'ஏர்பேக்' என்று சின்னப் பட்டி தைத்திருக்கும். விபத்தில் அங்கிருந்துதான் காற்றுப்பை வெளியே வரும். அந்தப் பக்கத்தைத் துணியால் மூடவே கூடாது, திறந்து விட்டுத் தையுங்கள். உயிர் சம்பந்தப்பட்டது, அளவு எடுக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

தைத்ததை பீரோவில் அந்துருண்டையோடு வைத்தால் இத்தனை பாடும் வீண். பத்தி, சென்ட், வாசனைப் பவுடர் எதுவும் பக்கத்தில் வேண்டாம். சுத்தமான வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுங்கள்.

கூலி போடும்போது துவைத்து அலசிய நேரத்தையும் கணக்கில் எழுதுங்கள். தையலுக்கு மட்டும் காசு வாங்கி, அலசினதை இனாமாக விடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு தையல் குழுவும் இரண்டு மீட்டர் காடா துவைத்துக் கொண்டு வாங்க. துவைப்பதற்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று அளந்து சீட்டில் குறித்து வாங்க. சுருக்கத்தைப் பார்த்துத்தான் ஒரு காருக்கு எத்தனை மீட்டர் என்று விலை போட முடியும்.