சட்டம் பாஸ் ஆச்சு, டெஸ்ட் பாஸ் ஆச்சா?

ஐரோப்பிய ஒன்றியத்துல சேர வரிசையில நிற்கிற நாடுகளைப் பத்திப் பேசுங்கன்னு சிலர் கேட்டிருந்தீங்க. பேசலாம். ஆனா அதை எங்க ஊர் திருத்தணியை வெச்சுத்தான் பேசப் போறேன். காரணம் போகப் போகப் புரியும்.

செர்பியா, மான்டினீக்ரோ மாதிரி நாடுகள் உள்ள வரணும்னா, ஒன்றியத்தோட சட்டங்களை முதல்ல தங்க நாட்டுல கொண்டு வரணும். இந்த வேலையை 35 அத்தியாயங்களாப் பிரிச்சிருக்காங்க. 27-வது சுற்றுச்சூழல். 28-வது நுகர்வோர் பாதுகாப்பும் பொதுச் சுகாதாரமும். சுற்றுச்சூழல் அத்தியாயத்தை மான்டினீக்ரோ 2018 டிசம்பர்லயும், செர்பியா 2021 டிசம்பர்லயும்தான் திறந்தாங்க.

எதுக்கு இவ்வளவு கெடுபிடி? உள்ள வந்துட்டா சரக்கைத் தடுத்துப் பார்க்க எல்லைச் சோதனை இருக்காது. ஒரு பக்கம் தடை செஞ்ச பொருள் இன்னொரு பக்கம் சட்டப்படி கிடைச்சா, அது தானா இங்க வந்துடும்.

அப்படி ஒரு எல்லையிலதான் எங்க ஊர் இருக்கு. 1960 ஏப்ரல் 1 வரைக்கும் திருத்தணி ஆந்திராவோட சித்தூர் மாவட்டம். ம.பொ.சி. நடத்தின எல்லைப் போராட்டம், படாஸ்கர் பரிந்துரை, இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் தமிழ்நாட்டுக்கு வந்துச்சு. கோடு மாறினாலும் போக்குவரத்து மாறல. ஆடிக் கிருத்திகைக்கு நகரி, புத்தூர்ப் பக்கத்துல இருந்தும் காவடி வரும். ஆள் வர்ற வழியிலயே சரக்கும் வரும்.

இப்போ பிளாஸ்டிக்கைப் பாருங்க. 2019 ஜனவரி 1-ல இருந்து தமிழ்நாட்டுல 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக்குக்குத் தடை. எவ்வளவு தடிமனா இருந்தாலும் கேரி பேக் கூடாது. அன்னைக்கு இருந்த மத்திய விதி, 50 மைக்ரானுக்குக் கீழ இருந்தா மட்டும்தான் கூடாதுன்னு சொல்லுச்சு. 2022 ஜூலை 1-ல மத்திய அரசும் ஸ்ட்ரா, கப், தட்டு மாதிரி பொருள்களைத் தடை செஞ்சது. அந்த டிசம்பர் 31-ல இருந்து கேரி பேக்குக்கு 120 மைக்ரான் வரம்பு வந்துச்சு.

இடைவெளி குறைஞ்சது, ஆனா மூடல. 120 மைக்ரான் பை மத்திய விதிக்குச் சரி, தமிழ்நாட்டுல தப்பு. நான்-வோவன் பையும் அப்படித்தான். பார்க்கத் துணி மாதிரியே இருக்கும், உண்மையில பிளாஸ்டிக். 60 ஜிஎஸ்எம் இருந்தா மத்திய விதி விடுது. தமிழ்நாடு அதைத் தடைப் பட்டியல்ல வெச்சிருக்கு.

அபராதம் யாருக்கு? சின்னக் கடைக்கு முதல் தடவை 100 ரூபாய், சேமிச்சு வெச்சு சப்ளை பண்றவங்களுக்கு 25,000. கணக்கு நியாயமாத்தான் இருக்கு. ஆனா கோயிலுக்குப் போற வழியில பூ விக்கிற அம்மாவைக் கண்டுபிடிக்க அஞ்சு நிமிஷம் போதும். பையைத் தயாரிக்கிற இடம் வேற மாநிலத்துல இருந்தா, நம்ம அதிகாரி அங்க போய் சீல் வைக்க முடியாது. சுமை கடைசிக் கண்ணி மேலதான் இறங்கும்.

அப்போ ரெண்டு பக்கமும் ஒரே சட்டம் வந்தா போதுமா? பஞ்சுமிட்டாய் ஞாபகம் இருக்கா? 2024 பிப்ரவரியில புதுச்சேரி தடை செஞ்சது, 17-ம் தேதி தமிழ்நாடும் தடை செஞ்சது. காரணம் ரோடமின்-பி, துணிக்குப் போடுற சாயம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ல இருந்தே நாடு முழுக்க ஒண்ணுதான், அந்தச் சாயம் எங்கயும் அனுமதிச்ச ஒண்ணு இல்ல. புதுசா நடந்தது என்னன்னா, மாதிரி எடுத்து லேப்ல பார்த்தாங்க. அவ்வளவுதான்.

ஐரோப்பிய ஆணையம் இங்கதான் உஷாரா இருக்கு. வருஷா வருஷம் ஒவ்வொரு நாட்டுக்கும், அத்தியாயம் அத்தியாயமா ரெண்டு மதிப்பீடு தருவாங்க. இப்போ எவ்வளவு தயார்? இந்த வருஷம் எவ்வளவு நகர்ந்தீங்க? சட்டம் எழுதியாச்சு, ஆனா அமல்படுத்த ஆளும் பணமும் போதலங்கிற விமர்சனம் அந்த அறிக்கைகள்ல அடிக்கடி வரும். நம்ம மொழியில சொன்னா, கோட் மெர்ஜ் ஆயிடுச்சு, ப்ரொடக்‌ஷன்ல ஓடல.

கஷ்டமான வேலைக்கு அவகாசமும் தர்றாங்க, ஆனா தேதி போட்டு. போலந்து 2004-ல சேர்ந்துச்சு. நகரக் கழிவுநீர் விதிகளை முழுசா நிறைவேற்ற 2015 கடைசி வரைக்கும் நேரம் வாங்குச்சு.

திருத்தணிக்கும் அப்படி ஒரு வருஷாந்திர ரிப்போர்ட் கார்டு வேணும்ங்கிறது என் கருத்து. 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் 2021 டிசம்பர்ல தொடங்குச்சு, நல்ல விஷயம். ஆனா எத்தனை விழிப்புணர்வுக் கூட்டம் நடந்துச்சுங்கிறது அளவுகோல் இல்ல. நூறு சோதனையில எத்தனை மொத்த வியாபாரியோட குடோன்ல, எத்தனை தள்ளுவண்டியில? உணவு மாதிரி எடுத்த நாள்ல இருந்து லேப் முடிவு வர எத்தனை நாள்? மாற்றுப் பை பூக்கடைக்குக் கட்டுப்படியாகிற விலையில கிடைக்குதா? திருவிழாவுக்கு முன்னாடி ஆந்திர அதிகாரிகளோட சேர்ந்து சோதனை நடந்துச்சா? இந்த நாலையும் ஒரு பக்கத்துல எழுதி நகராட்சி வாசல்ல ஒட்டலாம். அடுத்த வருஷம் அதே நாலைத் திரும்ப அளக்கலாம்.

உங்க ஊரும் எல்லையோரமா? ஓசூர், களியக்காவிளை, கூடலூர்னு எங்க இருந்து கேட்டாலும், ரெண்டு பக்கமும் விதி எங்க மாறுதுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.