பதிவைப் பிரித்து வைப்போம்

(இறக்காமத்தில் தொழிலாளர் மத்தியில் ஆற்றிய உரை)



உங்களுக்குக் கரும்பு, எங்களுக்குக் கொழுந்து. இரண்டு கூலியும் தராசடியில்தான் தீர்மானமாகிறது. அதனால் கைப்பேசியில் படம் பிடிக்கிறோம். பிடித்தால் மட்டும் போதாது. 2021 மார்ச்சில் 1000 ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்தது. அதன்பிறகும் தனக்கு அரைப் பேர்தான் விழுகிறது என்று ஓர் அக்கா சொல்வது 40 நிமிடப் பதிவுக்குள் புதைந்து கிடந்தால், தொழில் திணைக்களத்தில் எதைக் காட்டுவோம்?

ஆகவே மூலப் பதிவை இரண்டு இடத்தில் வைப்போம். அதில் கைவைக்க வேண்டாம். கோப்புறைக்குத் திகதி, இடம், விடயம் என்று பெயரிடுவோம். பிறகு டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பில் போட்டுப் பார்ப்போம். முக்கியமான பேச்சு வரும் இடத்தில் 'எம்' விசையை அழுத்தினால் அடையாளம் விழும். அதை இருமுறை தட்டினால் குறிப்பு எழுதலாம், நிறமும் மாற்றலாம்.

நாங்கள் வைத்திருக்கும் முறை இதுதான்: பச்சை என்றால் காட்டலாம்; சிவப்பு என்றால் முகத்தை மறைக்க வேண்டும். எந்த நிறம் என்பதைப் பேசியவரிடமே, அன்றைக்கே கேட்க வேண்டும். சிவப்பை மறந்தால் அவருடைய வேலை போகும். அந்த வீட்டில் உலை ஏறாது.